கரி படித்த அண்ணாச்சி

பொய் சொல்லிப் பிழைக்க நினைக்கிறவன் சைக்கிளில் போவதுதான் நல்லது என்று எங்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் அதன் ஹெட் அண்ணாச்சியின் மேஜைக்கு வரும். வந்தால் மானம் போகும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அதிலும் ஏதாவது பிசிறு இருக்கிறது என்பார். மும்பை தாராவியில் எங்கள் சந்துக்கு அவர் அண்ணாச்சி. முறைப்படி நான் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரே அண்ணாச்சி என்றதால் எனக்கும் அதுவே வாயில் ஏறிவிட்டது. அவரும் திருத்தவில்லை.

அவரை மெக்கானிக் என்று சொன்னால் கோபம் வரும். அவர் ஹெட் வேலைக்காரர். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு மேலே கனமான அலுமினிய மூடி ஒன்று இருக்கும். அதுதான் ஹெட். அதற்குள் இரண்டு வால்வு. ஒன்று காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும், மற்றது புகையை வெளியே தள்ளும். சயான், செம்பூர், மாட்டுங்கா கேரேஜ்காரர்கள் வண்டியைப் பிரித்து, ஹெட்டை மட்டும் பாலிதீன் பையில் போட்டு அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் சுத்தம் செய்து, வால்வைத் தேய்த்து, சொட்டு ஒழுகாமல் ஆக்கிக் கொடுப்பார். வண்டியை அவர் பார்ப்பதே இல்லை. ஓட்டுகிறவனையும் பார்ப்பதில்லை. நோயாளி வீட்டில் இருக்க, வயிறு மட்டும் டாக்டரிடம் வந்துபோவது மாதிரி.

எங்கள் வீடு அவருடைய ஷெட்டுக்கு நேர் எதிரில், ஏணி ஏறிப்போகும் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் அவருடைய மேஜைதான் தெரியும். வேறு காட்சி வேண்டும் என்றால் செம்பூரில் வீடு வாங்கியிருக்க வேண்டும். அதனால் சயானில் ஒரு லேபில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் வேலைக்குப் போவதற்கு முன்பு, தலை பின்னிக்கொண்டே அவர் வேலையைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

பையிலிருந்து ஹெட்டை எடுத்ததும் வயிறு மேலே பார்க்கக் கவிழ்த்து வைப்பார். ஸ்பிரிங்கை அமுக்கி, நகக்கண் அளவு லாக்குகளை எடுத்து, வால்வு இரண்டையும் உருவி முட்டை அட்டையில் ஜோடி ஜோடியாகச் செருகுவார். ஒரு ஹெட்டின் வால்வு இன்னொன்றின் வால்வோடு கலந்துவிடக் கூடாது. அடுத்தது கழுவுவதுதானே? இல்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஹெட்டின் வயிற்றிலும் வால்விலும் படிந்திருக்கிற கரியைப் பார்ப்பார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் பார்ப்பார். கடுதாசி படிக்கிற முகம் இருக்கும். படித்து முடித்ததும் கொண்டுவந்தவனிடம் சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்துச் சொன்னதில்லை.

பிறகுதான் டீசல் தட்டு, பிரஷ், மூங்கில் சிம்பு. இரும்புச் சுரண்டி அவர் ஷெட்டுக்குள் வரக் கூடாது, அலுமினியம் கீறிவிடும். கூடை பின்னுகிறவர்கள் கழித்த மூங்கிலைச் சீவிச் சீவி வைத்திருப்பார். கரி போனதும் வால்வின் விளிம்பில் பசை தடவி, ரப்பர் குச்சியில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மோர் கடைவது போல உருட்டுவார். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே அகலத்துக்கு ஒரு வளையம் விழ வேண்டும். விழுந்தபின் துளையில் பெட்ரோலை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். மறுபக்கம் ஈரம் கசிந்தால் மறுபடி மோர் கடைதல்.

இந்தக் காத்திருப்பு அவருக்கு மேஜையோடு நிற்கவில்லை என்பதுதான் சங்கடம். யாராவது ஏதாவது சொன்னால் உடனே பதில் சொல்ல மாட்டார். சொன்னது ஒழுகுகிறதா என்று பார்ப்பதைப் போலச் சும்மா இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே பலர் இன்னொரு வாக்கியம் சொல்லி மாட்டிக்கொள்வார்கள்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா, வங்கியில் வேலை, தன் வண்டியின் ஹெட்டைக் கேரேஜ்காரரோடு தானே கொண்டுவந்தார்.

"நாப்பதுக்கு மேல நான் ஓட்டினதே இல்லைப்பா. ஆபீசுக்கே டிரெயின்தான். அப்படியும் பெட்ரோல் குடிக்கிறது."

அண்ணாச்சி கரியைப் பார்த்தார். டீ நேரம் ஆயிற்று.

"நீங்க நாப்பதுதான் போறிய. வண்டி தொண்ணூறு போயிருக்கு. வீட்ல வயசுப் பையன் இருக்கானா?"

மாமா நேராக வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் வண்டியை விற்றுவிட்டார் என்று கேள்வி. பையனை விற்க முடியாதல்லவா?

இன்னொரு முறை தேவ்நாரிலிருந்து ஒரு அக்கா வந்தாள். கையில் காய்கறிப் பை, அதற்குள் புருஷனின் ஹெட். கேரேஜிலிருந்து எப்படி வாங்கினாளோ தெரியாது. "இவரு எங்கண்ணே போறாரு? அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றாள்.

"எங்க போறாருன்னு கரி சொல்லாதும்மா. எம்புட்டுத் தூரம்னுதான் சொல்லும்."

"தூரத்தச் சொல்லு. எங்கன்னு எனக்குத் தெரியும்."

அதைச் சொன்னார். பாவம், சொல்லத்தானே தெரியும்.

"மனுசன் நாக்குல கரி ஒட்டாது, வால்வுல ஒட்டும்" என்பது அவருடைய வேதம். அவர் நேர்மையை எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ந்த பலர் மறுமுறை ஹெட்டைக் குர்லாவில் வேறொரு ஆளுக்கு அனுப்பினார்கள். நேர்மையான ஆள் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசைதான், பக்கத்து வீட்டுக்காரன் விஷயத்தில்.

ஒருநாள் என்னிடம் கேட்டார். "நீயும் எங்கள மாதிரிதான? அழுக்கப் பாத்து ஆளச் சொல்லுத."

எனக்கு ரோசம் வந்தது. எங்கள் லேபில் முதல் வேலையே லேபிள் பார்ப்பதுதான் என்றேன். பெயர், வயது, எடுத்த நேரம். லேபிள் இல்லாத சாம்பிளை நாங்கள் தொடவே மாட்டோம், நேராகக் குப்பைதான்.

அவர் சிரித்தார். "ஹெட்டுக்கு எதுக்கு பிள்ள லேபிளு? அதே பேரச் சொல்லும்."

நானும் நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? பதினோரு வருடம் ஜன்னலிலிருந்து பார்த்தவள் நான். ஒருமுறைகூட அவர் வாக்கு தவறியதில்லை. என் கல்யாணம் வரைக்கும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. விக்ரோலியிலிருந்து ஒரு இடம் வந்தது. அவர்களும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். மாப்பிள்ளைக்குத் தலோஜாவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை. மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். எல்லோரும் தோசையில் மும்முரமாக இருந்தபோது அவர் என்னிடம் கேட்டார், "உங்களுக்கு எது பிடிக்காது? அத முதல்ல சொல்லிருங்க."

"பொய்" என்றேன். அண்ணாச்சிக்கு எதிர்வீட்டுக்காரி வேறென்ன சொல்வாள்?

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணு சொல்லிருதேன். முன்னால முடி கொட்ட ஆரம்பிச்சிருக்கு. சீவி மறைச்சிருக்கேன்."

அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த இருபது நாட்கள் போனில் பேசினோம். விக்ரோலியிலிருந்து ஐரோலிப் பாலம் தாண்டித் தலோஜாவரை தினமும் பைக்கில் போய்வருவதாகச் சொல்வார். பாலத்தின் மேல் காற்று அடிப்பதைப் பற்றிச் சொல்வார். கேட்கக் கேட்க நன்றாக இருக்கும்.

பூ வைப்பதற்கு நாள் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தொண்ணூறடி ரோட்டுத் திருப்பத்தில் அவர் வண்டியின் ஹெட்டில் திருகியிருந்த பிளக் வெடித்துத் தெறித்தது. சந்து முனையில் இருக்கிற கேரேஜிலேயே வண்டியை விட்டுவிட்டு, சயான் வரை நடந்து போய் ரயில் ஏறினார். அது எல்லோரும் வைத்திருக்கிற நூறு சிசி வண்டி.

ஐந்து நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், கேரேஜ்காரன் ஒரு பையை அண்ணாச்சியின் மேஜையில் வைத்தான். "அண்ணாச்சி, விக்ரோலி மாப்ள காடியோட ஹெட்டு. ஜல்தி வேணும்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அப்பா அந்நேரம் பால் வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வண்டி என்ன சொல்கிறது என்று அப்பா பெருமையாகக் கேட்டார். கேட்கும்போதே சிரிப்பு.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றினார். பார்த்தார். டீ நேரத்தைவிட அதிகம் பார்த்தார்.

"அடியில நல்ல காவி நிறம். காய்ஞ்ச கரி. முன்னால தூரம் ஓடுன வண்டிதான், கொற சொல்ல முடியாது. ஆனா மேல ஒரு அடுக்கு எண்ணெய்ப் பிசுக்கா கறுப்பு. கடைசி ஒரு வருசம் இது தூரம் போவல."

"போவலன்னா?"

"காலைல ரெண்டு மூணு கிலோமீட்டர் போவும். எஞ்சின் சூடாவுறதுக்குள்ள ஆஃப். நாள் பூரா எங்கயோ நிக்கும். சாயந்தரம் அதே ரெண்டு மூணு கிலோமீட்டர் திரும்பி வரும். தலோஜாவாவது ஒண்ணாவது. இந்த ஹெட்டு ஒரு வருசமா வேலைக்குப் போவல."

அப்பாவின் முகம் வெளுத்ததை மாடியிலிருந்தே பார்த்தேன். மருமகனாக வர இருந்தவன் ஏமாற்றிவிட்டான் என்ற அதிர்ச்சி என்று நினைத்தேன். பால் பாக்கெட் கையிலிருந்து நழுவியதை அவர் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா பேசிய பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். "காலைல குளிச்சு, இஸ்திரிச் சட்டை போட்டுக் கிளம்பிப் போயி, எங்கயாவது பொழுதக் கழிச்சிட்டு, வேலை பாத்த மாதிரி வீட்டுக்கு வாரவன்! இப்படிப்பட்டவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். பொண்டாட்டி மூஞ்சப் பாத்துப் பேச மாட்டான். பிள்ளைங்க ஒண்ணு கேட்டா எரிஞ்சு விழுவான். வேண்டாம். என் பொண்ணு அந்த நரகத்துல போயி விழ வேண்டாம்."

அம்மாதான் மெதுவாக, "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"அவன் உண்மையச் சொல்லுவானாட்டி? சொல்ல முடியாது அவனால!"

மத்தியானமே விக்ரோலிக்குப் போன் செய்து, சம்பந்தம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அதில் மட்டும் கொஞ்சம் கருணை காட்டினார். மாப்பிள்ளை என்னை ஏழு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. முடி கொட்டுவதைச் சொன்ன மனிதன் வேலை போனதைச் சொல்லாமல் விட்டானே என்று அழுதேன். கேட்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் ஐம்பது பேருடைய குப்பியைக் கையில் வாங்கி, இது யாருடையது என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நான் கேட்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு தயிர் வாங்கக் கீழே இறங்கினேன். ஷெட்டிலிருந்து, "ஏ பிள்ள, இங்க வா" என்று குரல் வந்தது. அண்ணாச்சி யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆட்கள் அவரிடம் வருவார்கள், அவ்வளவுதான்.

மேஜையில் ஒரு ஹெட்டைப் பனியன் துணியால் மூடி வைத்திருந்தார். கழுவி, வால்வு தேய்த்து, எல்லா வேலையும் முடிந்திருந்தது.

"நேத்து நான் சொன்னது தப்பு பிள்ள. கேரேஜ்காரன்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். மாப்பிள்ளை வண்டியோட ஹெட்டுல பிளக் மரை பூரா போயிட்டாம். அது பழைய இரும்புக்குப் போயாச்சு. அதுக்குப் பதிலாப் போட குர்லா மார்க்கெட்ல ஒரு பழைய ஹெட்டு வாங்கியிருக்கான். அதத்தான் எங்கிட்ட தந்திருக்கான். இது அந்தப் பையன் வண்டியில இன்னும் ஏறவே இல்ல."

சந்தோஷமா, வெட்கமா, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. வாயில் வந்தது மட்டும் பழக்கதோஷத்தில் லேப் கேள்வி.

"அப்ப இது யாரோடது?"

அவர் பதில் சொல்லவில்லை. காத்திருப்பது அவர் வழக்கம்தான். ஆனால் இது அந்த மௌனம் இல்லை. கை துணியின் மேல் இருந்தது.

"வயித்தப் பாத்தேன். முதுகப் பாக்கல. கழுவுன பொறவுதான் பாத்தேன்" என்றார். "நீ போ. அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

நான் துணியை எடுத்தேன்.

ஹெட்டின் வெளிப்பக்கம் காற்றுப் படுவதற்காக அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். இதில் மூன்றாவது தகட்டின் நுனி உடைந்திருந்தது. உடைந்த இடம் மூளியாகத் தெரியக் கூடாது என்று யாரோ அதை வளைவாக அராவியிருந்தார்கள். ஜோடி சேரட்டும் என்று உடையாத நாலாவது தகட்டையும் அதே வளைவில் அராவியிருந்தார்கள். இப்படி ஒரு வேண்டாத வேலையை மும்பையில் ஒரே ஆள்தான் செய்வார். அது உடைந்தபோது நான் பின்சீட்டில் இருந்தேன். காலேஜ் கடைசி வருடம், சயான் திருப்பத்தில் மழையில் வழுக்கி நடைபாதைக் கல்லில் மோதினோம். என் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஓட்டியது அப்பா.

தானே நகரத்துப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் அப்பா இருபது வருடம் வேலை பார்த்தார். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து, கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள் என்றார். வண்டியை இரும்புக்கடைக்குப் போட்டார். அதன்பிறகு செம்பூரில் ஒரு கட்டடத்தில் சூபர்வைசராகச் சேர்ந்தார். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்கு முன்னால் ஒரு முழு வருடம், மூன்று கிலோமீட்டர் போய், நாள் பூரா நின்று, மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்த ஒரு வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் இருந்திருக்கிறது. நேற்று அவர் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு வரிசையாகத் திரும்பக் கேட்டது.

"நீ பாக்கல" என்றார் அண்ணாச்சி.

"பாத்துட்டேன்" என்றேன்.

அப்போது பார்த்தா அப்பா வர வேண்டும்? கையில் மீன் பையோடு சந்துக்குள் வந்துகொண்டிருந்தார். ஷெட்டுக்கு வெளியே நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு இடம் பொருள் பார்க்கத் தெரியாது என்று முன்பே சொன்னேன். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னார், "நான் நேத்துச் சொன்னது தப்பு. அந்த ஹெட்டு மாப்பிள்ளையோடது இல்ல. அந்தப் பையன் மேல குத்தம் கிடையாது."

அப்பா நின்றார். "இல்லன்னா வேற யாரோடது?"

அண்ணாச்சி மேஜையிலிருந்த பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

கேரம் ஆடியவர்களில் ஒருவர், "நேத்து ஒண்ணு சொன்னியரு, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதியரு. விக்ரோலிக்காரன் வந்து காதுல ஓதிட்டானோ?" என்றார். இன்னொருவர், "அண்ணாச்சி சொல்லி எது தப்பாச்சு? பொண்ணுப் பிள்ள மனசு நோவக் கூடாதுன்னு இப்ப மாத்திப் பேசுதாரு" என்றார். இதுதான் வேடிக்கை. பதினோரு வருடம் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பிய சந்து, நான் தப்பு செய்தேன் என்று அவர் சொன்னதை மட்டும் நம்ப மறுத்தது.

"யாரு ஹெட்டுன்னு சொல்லும்வே!" என்று கத்தினார்கள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "என்னுது" என்றார்.

சந்தே சிரித்தது. அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. யாராவது பின்சீட்டில் ஏறச் சொன்னால் நடந்தே வருகிறேன் என்று தாதர் வரை நடக்கிறவர். "உமக்கு எப்பவே லைசென்ஸ் தந்தான்?" என்று ஒருவர் கேட்க, கேரம் காய்கள் சிதறுகிற அளவுக்குச் சிரிப்பு. வாழ்க்கையில் முதல் பொய், அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. காது மடல் வரை சிவந்து, கையில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. அவர் கண் மேஜைக்குப் போயிருந்தது. துணி என் கையில்தான் இருந்தது, மூட மறந்துவிட்டேன். மூன்றாவது தகட்டை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிரிக்காதிய" என்றார் அப்பா. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "அவர வச்சுச் சிரிக்காதிய. அது என் வண்டி ஹெட்டு."

சிரிப்பு நின்றது.

"கம்பெனியப் பூட்டுனது நான் சொன்ன தீபாவளிக்கு இல்ல. அதுக்கு முந்தின தீபாவளிக்கு. கணக்கு முடிச்சுத் தந்த பணத்த மாசாமாசம் சம்பளம்னு வீட்ல குடுத்தேன். அவர் படிச்சது சரிதான். ஆளுதான் மாறிப்போச்சு."

மீன் பையை வாங்க அம்மா ஏணியில் இறங்கி வந்து, கை நீட்டியபடி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. இப்போது வெடிக்கப் போகிறது என்று நான் பயந்தேன். கேரம்காரர்கள் மெல்ல நகரத் தொடங்கினார்கள்.

"ஒரு வருசம் சோறு கட்டித் தந்தேனே" என்றாள் அம்மா. "எங்க உக்காந்து சாப்ட்டிய?"

"கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு மரம் உண்டு. அதுக்குக் கீழ."

"மழைக்கு?"

"ஸ்டேஷன் பெஞ்சு."

அம்மா பையை வாங்கிக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா ரசத்தத் தனியா ஊத்தித் தந்திருப்பேன்" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏணி ஏறிப்போனாள். அப்பா பின்னாலேயே போனார்.

அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த அந்த ஹெட்டைப் பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார். நன்றாகச் சத்தம் வரும்படி தேய்த்தார்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் எந்தக் கரியையும் படிக்கவில்லை. பை வந்ததும் அப்படியே டீசலில் முக்கிவிடுவார். என்ன சொல்லுது அண்ணாச்சி என்று யாராவது ஆசையாகக் கேட்டால், "அழுக்கு, வேறென்ன?" என்பார். சந்துக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை குறைந்தது. வேலை மட்டும் கூடியது. குர்லாவுக்குப் போயிருந்த ஹெட்டெல்லாம் திரும்பி வந்தன. சில வருடங்களில் மகள் வீட்டோடு இருக்கலாம் என்று விரார் பக்கம் போய்விட்டார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. தயிர் வாங்கக் கொண்டுபோன தூக்கை அவருடைய மேஜையில் வைத்துவிட்டு போனை எடுத்தேன். தவறிய அழைப்பு ஏழு. கடைசி அழைப்பு அன்று அதிகாலையில் வந்திருந்தது. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். "நேத்தே கேட்டிருக்கணும். நீங்க... நீங்க வேலைக்குப் போறீங்களா?"

பதிலுக்குப் பெரிய இரைச்சல் கேட்டது. இரும்பு இரும்பின் மேல் விழும் சத்தம், இடையில் யாரோ மராத்தியில் கத்துவது.

"என்னது? கேக்கல!" என்று மறுமுனையில் அவர் கத்தினார். "சத்தமாச் சொல்லுங்க! ஞாயித்துக்கிழமை ஓவர்டைம், பக்கத்துல மெஷின் ஓடுது! என்ன கேட்டீங்க?"

நான் திரும்பக் கேட்கவில்லை.